எலும்பு வலித்த மத்தியானம்

எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலியில்தான் ஆரம்பித்தது. கூடவே குளிர்க்காய்ச்சல். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு வேன் ஓட்டுகிறவன் நான். வெள்ளிமலை வரை வாய் ஓயாது. பேச ஆள் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

தைராய்டு (கழுத்துச் சுரப்பி) அதிகமாகச் சுரந்து கை நடுங்கியதால் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். குடிகாரன் என்று பெயர் வருவதற்குள் நடுக்கம் நின்றதே என்று நிம்மதியாக இருந்தேன். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார்கள். தொண்டை வலிக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? போங்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் போய் விழுந்தபோது ரத்தத்தில் நியூட்ரோஃபில் (கிருமியை முதலில் போய்த் தாக்கும் வெள்ளணு) கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு அப்படிச் செய்துவிடுமாம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமி புகுந்த இடத்தில் அழற்சி (சிவந்து, வீங்கி, சுடுவது) உண்டாகும். அங்கிருந்து ரத்தத்தின் வழியே எலும்பு மஜ்ஜைக்கு (வெள்ளணுக்கள் உருவாகும் எலும்பின் உட்பகுதி) தகவல் போகும். மஜ்ஜை கையிருப்பை அனுப்பிவிட்டு, புதிதாக வேகவேகமாக உண்டாக்கும். கிருமி ஒழிந்ததும் அழைப்பு குறையும், மஜ்ஜையும் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

"உங்க தொண்ட கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு. மஜ்ஜைல அனுப்ப ஆள் இல்ல."

"வந்துருமாங்க?"

"ஊசி போடறோம். வரணும்."

வரும் என்று அவர் சொல்லவில்லை.

தனி அறை. கிருமிக்கான மருந்து நரம்பில் ஏறியது. மஜ்ஜையை அழைக்க உடம்பு தானே சுரக்கும் பொருளையே ஊசியாகவும் போட்டார்கள். மனைவி செல்வி மட்டும் முகக்கவசத்தோடு வந்து கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

மணலூர்பேட்டையிலிருந்து அக்கா பஸ் மாறி வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவளை நர்ஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

"கூடப் பொறந்தவ பாக்கக் கூடாதா? அப்புடி இன்னா நோவு இவனுக்கு?"

"உங்க சளி அவருக்கு ஒட்டிக்கும்மா."

"யாருகிட்ட சொல்ற? அவன்கிட்டேர்ந்து எங்களுக்கு ஒட்டும்னுதான தனியா வெச்சிக்கினு இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் அழுதேன். இப்படியே செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

தினமும் ரத்தம் எடுத்தார்கள். தினமும் "இன்னும் ஏறல" என்றார்கள். காய்ச்சலும் விடவில்லை. அங்கே பொழுது என்பது ரத்தம் எடுக்க நர்ஸ் வருவதும் போவதும்தான். மற்ற நேரமெல்லாம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மத்தியானம் இடுப்பெலும்பு வலித்தது. பிறகு முதுகு, நெஞ்செலும்பு. உள்ளேயிருந்து யாரோ இடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறித்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன். செல்வியிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம்தான் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மஜ்ஜை வேலைய ஆரம்பிச்சா சில பேருக்கு இப்படி வலிக்கும். ரத்தம் பாத்துடலாம்."

அன்று வெள்ளணு தென்பட்டது. அடுத்தடுத்து ஏறியது. வலிக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த அறைக்குள் யாரையும் கேட்காமல் வந்தது அது ஒன்றுதான். அதனோடு பேசிக்கொண்டே படுத்திருந்தேன்.

தைராய்டுக்கு வேறு வைத்தியம் செய்தார்கள். அந்த மாத்திரையை இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது.

எங்கள் ஊரான வடக்கனந்தலுக்கு நான் வந்து சேர்வதற்கு முன்பே, என்னைத் தனி அறையில் வைத்திருந்த செய்தி வந்து சேர்ந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். ஒட்டாது என்று எத்தனை பேரிடம் சொல்வது?

முதல் டிரிப்பில் பின்னால் நிற்கக்கூட இடமில்லை. என் பக்கத்து சீட் காலி.

"முன்னாடி வாங்கப்பா, எடம் இருக்குது."

"பரவால்லண்ணா, நின்னுக்கினே வர்றோம்."

அதற்குமேல் நான் பேசவில்லை. மலையேறும்போது இடுப்பெலும்பை அழுத்திப் பார்த்தேன். வலியில்லை. வேண்டிய அளவுக்கு மட்டும் உண்டாக்கிக்கொண்டு மஜ்ஜை பேசாமல் இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் வலித்தால் தேவலை என்றிருந்தது.