லிண்டால்வாவுக்கு ஒரு ‘இல்லை’ போதும்

எங்கள் ஆபீஸில் லிண்டால்வாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நிறுத்தம்மா’. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள நேரமில்லை என்பதுதான் உண்மை. ரெசீஃபி நகரின் பழைய துறைமுகத் தீவில், ஒரு காலத்தில் சர்க்கரைக் கிடங்காக இருந்த கட்டடத்தின் மாடியில், ஜன்னலோரம் அவர் மேசை. பக்கத்து மேசை என்னுடையது. பல வருடங்களாக அந்த அம்மாளின் முணுமுணுப்பைக் கேட்டபடியே சம்பளம் வாங்கியவன் நான், எவரால்டோ.

நாங்கள் செய்வது டேட்டாபேஸ் இன்ஜின். திரையில் தெரியும் அழகையெல்லாம் வேறு யாராவது செய்து பெயர் வாங்கிக்கொள்வார்கள். அடியில் கிடந்து தகவலை டிஸ்க்கில் எழுதி, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை எங்களுடையது. தகவல் எல்லாம் ஒரே அளவுள்ள துண்டுகளாக இருக்கும். பக்கம் என்போம். ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் பக்கம் முழுவதையும் படித்து, மாற்றி, முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதென்ன வீண்வேலை என்று கேட்பார்கள். அதற்கு லிண்டால்வாவின் பதில் இது:

“தெருவுல மைக் போட்டுக்கிட்டு முட்டை வண்டி வருதில்ல? தட்டோடதான தர்றான். ஒரு முட்டை உடைஞ்சிருக்குன்னா தட்டையே மாத்திக் குடுப்பான். இதுவும் அப்படித்தான். போ, போய் வேலையப் பாரு.”

பக்கங்களை எழுதி முடித்ததும் எங்கள் இன்ஜின், மெஷினின் இயங்குதளத்திடம் ஒரு கேள்வி கேட்கும். ‘நான் எழுதியது டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிவிட்டதா?’ ‘ஆம்’ என்று பதில் வந்த பிறகுதான், முன்னெச்சரிக்கையாக வேறிடத்தில் வைத்திருந்த நகலை அழிக்கலாம். அநேகமாக எப்போதும் ஆம்தான் வரும். டிஸ்க் பழுதாக ஆரம்பித்தால் என்றைக்காவது ஒருநாள் ‘இல்லை’ என்று வரும். இந்தத் தொழிலில் பெரிய பெரிய ஆட்கள் வழுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். ‘இல்லை’ என்றால் யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? இன்னொரு தடவை கேட்போம். கேட்டால் ‘ஆம்’ என்று வந்துவிடும். ஏனென்றால் எழுத முடியாமல் போனதை ஒரு தடவை சொல்வதோடு தன் கடமை முடிந்ததென்று இயங்குதளம் அதைக் கைகழுவிவிடும். இரண்டாம் தடவை கேட்கும்போது அதன் கையில் எழுத வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அதனால் ஆம். இன்ஜினும் நம்பி நகலை அழித்துவிடும்.

இதை லிண்டால்வா யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. செத்துக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மேசை டிராயரில் வைத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். முதல் ‘இல்லை’ வந்ததும் இன்ஜின் நின்றுவிட வேண்டும். நகலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் எழுதிச் சரிபார்த்த பிறகே ஓட வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்குமா? பாதி வேலையில் மெஷின் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

பிடிவாதம் அவருக்கு வேலையில் மட்டும் இல்லை. அவருடைய கால்பந்து அணி நான்காம் பிரிவுக்கு இறங்கிய பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்கு வருவார். நாங்கள் ஒட்டுமொத்தமாகச் சிரிப்போம். அவர் பக்கத்து ஊரான ஒலிண்டாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு, வாடிக்கையாளர்களின் மெஷின்கள் அனுப்பிய அறிக்கைகளை முதலிலிருந்து கடைசி வரை படிப்பார். அதை வேறு யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

புனித யோவான் திருநாளுக்கு முந்தின நாள். அன்றிரவு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டுவார்கள். பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். காலைக் காப்பியை வாயருகே கொண்டுபோன லிண்டால்வா அதைக் கீழே வைத்தார்.

“எவரால்டோ, கருவாரு கிளினிக் ரிப்போர்ட்டப் பாரு. நேத்து ராத்திரி ஒரு ‘இல்லை’ வந்திருக்கு.”

“அப்ப நின்னிருக்கணுமே?”

“நிக்கல. அடுத்த வரியில ‘ஆம்’னு இருக்கு.”

சட்டத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. முதலாளி வால்டெசி தன் அறையிலிருந்து தானே எழுந்து வந்தான். முதலாளியானாலும் லிண்டால்வாவை ‘டோனா’ என்று, அம்மா என்கிற மரியாதையோடுதான் கூப்பிடுவான்.

“நான்தான் போட்டேன், டோனா லிண்டால்வா. ஒரே மாசத்துல மூணு தடவ நின்னுச்சு. கிளினிக்காரங்க திட்டுறது என்னைத்தான், உங்கள இல்ல. இன்னொரு தடவ கேட்டுப் பாருன்னு ரெண்டு வரி சேத்தேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா.”

“ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தான இருக்கு. போன் போட்டுக் கேளுங்க.”

“சரியாத்தான் இருக்கும். மெமரியில இருக்கிற பக்கத்தத்தான அது காட்டுது. டிஸ்க்குல பழைய பக்கம் உக்காந்திருக்கு, வால்டெசி. மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா எந்தப் பக்கம் வரும்?”

வால்டெசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை அவன். நல்ல புரோகிராமராக இருந்து முதலாளி ஆனவன், அவ்வளவுதான் அவன் குறை.

கருவாருவில் இருப்பது டயாலிசிஸ் கிளினிக். ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் எவ்வளவு போட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் பக்கங்களில்தான் இருக்கிறது. நேற்று ஏதோ ஒரு பக்கம் டிஸ்க்கில் இறங்கவில்லை, அதன் நகலும் அழிந்துவிட்டது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஹெபாரினில் கணக்குத் தப்பினால் ஆள் ரத்தம் போய்ச் சாகலாம். லிண்டால்வா அதற்குள் போனை எடுத்திருந்தார். மறுமுனையில் கிளினிக்கின் தலைமை நர்ஸ் ஐவோனெட்டி.

“மகளே, மெஷின ஆஃப் பண்ணிடாத.”

“ஐயோ டோனா, டெக்னீஷியன் இப்பதான் வந்து நிக்கிறாரு. டிஸ்க் சத்தம் போடுதாம். மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் சரியாயிடும்ங்கிறாரு.”

“அவர காப்பி குடிக்க அனுப்பு. யாரோட விவரத்தையும் தொறக்காத.”

“தொறந்து பாக்கக்கூடக் கூடாதா?”

“கூடாது. புதுசா ஒரு பக்கம் மெமரிக்குள்ள வந்தா பழசு ஒண்ணு வெளிய போகும். எது போகும்னு எனக்கே தெரியாது.”

“ஒரு மணிக்கு மத்தியான ஷிஃப்ட் ஆளுங்க வந்துருவாங்களே. டாக்டர் வேற திருநாளுக்குப் பண்ணைக்குப் போயிட்டாரு. அங்க போனே எடுக்காது.”

“வந்தவங்கள உக்கார வை. நான் வர்றேன்.”

அந்த மெஷினுக்குள் வெளியிலிருந்து நுழைய வழி கிடையாது. அறிக்கை மட்டும்தான் வெளியே வரும். அது கிளினிக்கின் விதி. எனவே என் காரில் கிளம்பினோம். திருநாள் கூட்டம் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் விறகு ஏற்றிய லாரி, பின்னால் பஸ்ஸில் அக்கார்டியன் பாட்டு. நான் வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழியில் வால்டெசி லிண்டால்வாவைப் போனில் கூப்பிட்டான்.

“ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, டோனா. கிளினிக் டைரக்டர் என்னைப் புடிச்சு உலுக்குறாரு. இன்னும் ஒரு மணி நேரம் ஆனா ஒப்பந்தமே கிடையாதுங்கிறாரு. ரீஸ்டார்ட் பண்ணிடச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க. ஆனா ஒரு ஆளோட உசுரு போன அப்புறந்தான் எந்தப் பக்கம் போச்சுன்னு நமக்குத் தெரியும். அது பரவால்லன்னா சொல்லுங்க, நான் இப்படியே திரும்பிடறேன்.”



“போங்க,” என்றான். “டைரக்டர நான் பாத்துக்கறேன்.”

கிளினிக்கின் வரவேற்பறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை போட்டது ஒரே ஆள்தான். தலையில் தொப்பி, கையில் பொட்டலம், ஒல்லியான கிழவர். ‘செயு அமாரோ, செயு அமாரோ’ என்று, அமாரோ ஐயா என்கிற மாதிரி, ஐவோனெட்டி அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். அந்தக் குரலுக்கு அறிமுகமே தேவையில்லை.

“விறகு அடுக்கி வெச்சிட்டு வந்திருக்கேன்மா. வீட்டு ஆம்பள நான்தான், நான்தான் பத்த வைக்கணும். ஊரு பூரா எரியும்போது என் வாசல் மட்டும் இருட்டாக் கெடக்கணுமா? ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு இத்தன பேரு காவல்.”

லிண்டால்வா அவரைத் தாண்டி உள்ளே போனார். சலைன் பெட்டிகளுக்கு நடுவே, ஸ்டோர் ரூமில் மெஷின். பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை அப்படியே உறைய வைத்து, அதன் மெமரியை முழுதாக நகல் எடுக்க வேண்டும். கை தவறி இன்ஜின் விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு. அவர் ஒவ்வொரு கட்டளையையும் அடித்துவிட்டு, வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்து, அப்புறம்தான் என்டரைத் தட்டினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெக்னீஷியன் வாசலில் நின்று வாட்சைப் பார்த்தார். வெளியே செயு அமாரோவின் குரல் ஓயவே இல்லை.

நகல் பத்திரமாக வெளியே வந்தது. பிறகு மெமரியில் இருந்த பக்கங்களையும் டிஸ்க்கில் இருந்த பக்கங்களையும் ஒன்றுக்கொன்று வைத்து ஒப்பிட்டார். ஒரே மாதிரி, ஒரே மாதிரி, ஒரே மாதிரி. கடைசியில் வேறுபட்டவை இரண்டு. ஒன்று பஞ்சு, கையுறை இருப்பு. இன்னொன்று ஒரு நோயாளியின் பக்கம்.

டிஸ்க்கில் இருந்த பக்கம், ஹெபாரின் முழு அளவு என்றது. மெமரியில் இருந்த பக்கம், ஹெபாரின் கூடவே கூடாது என்றது. கீழே டாக்டரின் குறிப்பு இருந்தது: வயிற்றில் ரத்தக்கசிவு. நேற்று மாலை எழுதியது. பெயர், அமாரோ ஜோசே த லூஸ்.

ஐவோனெட்டி எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் எனக்கு டியூட்டி இல்ல. அவருக்கும் டாக்டர் சொன்னது எதுவும் மனசுல நிக்காது. நான் ஸ்கிரீன்ல இருக்கறதத்தான் போடுவேன், டோனா. முழு டோஸும் போட்டிருப்பேன்.”

வெளியே அதே குரல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் ஒரு மனிதன் திட்டுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. லிண்டால்வா டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றவைத்தார். பிறகு அந்த இரண்டு பக்கங்களையும் புது டிஸ்க்கில் எழுதினார், இறங்கிவிட்டதா என்று கேட்டார், ஆம் வந்த பிறகும் திருப்பிப் படித்துப் பார்த்தார். ரீஸ்டார்ட் ஆனதும் முதலில் திறந்தது அந்தக் கிழவரின் பக்கத்தைத்தான். சரியாக இருந்தது. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

வால்டெசியிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘அந்த ரெண்டு வரிய எடுத்துட்டேன். இனிமே நின்னா நிக்கட்டும்.’ அதைப் படித்துவிட்டு அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஷிஃப்ட் தாமதமாகத் தொடங்கியதால் தாமதமாகவே முடிந்தது. செயு அமாரோவின் ஊருக்குப் போகும் கடைசி வேன் போய்விட்டது. லிண்டால்வா என்னைக் கேட்காமலே என் காரின் முன்கதவை அவருக்குத் திறந்துவிட்டார்.

“மெஷின நிறுத்தி வெச்சது நான்தான், செயு அமாரோ. மன்னிச்சுக்குங்க. வீட்ல கொண்டுபோய் விடறோம்.”

“ஓ, அந்தப் புண்ணியவதி நீதானா,” என்று ஆரம்பித்தவர், வழி நெடுக நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு உலகம் கெட்டது, தான் கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரு பஸ்கூட லேட்டானதில்லை, படித்த பெண்களுக்கு அடுத்தவன் நேரத்தின் அருமை தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் மட்டும் விறகு அடுக்கியபடியே இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டியோடு அவர் மனைவி டோனா கித்தேரியா, பற்ற வைக்காமல் காத்துக்கொண்டு நின்றிருந்தாள். கிழவர் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்ட கையோடு குனிந்து பற்ற வைத்தார். நெருப்பு எழுந்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது. எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டோனா கித்தேரியா நெருப்போரம் திருநாள் சோளத்தைச் சுட ஆரம்பித்தாள்.

“அடுத்த வருஷமும் வாம்மா. அடுத்த வருஷம் இதைவிட ரெண்டு மடங்கு உசரமா அடுக்கறேன் பாரு. அந்த மெஷின மட்டும் சரி பண்ணிட்டு வா. மறுபடி என்னை லேட்டாக்காத.”

“வர்றேன், செயு அமாரோ. அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்,” என்றார் லிண்டால்வா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் விம்மி அழுதார்.

கிழவர் பதறிப்போனார். காரில் ரொம்பத்தான் திட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, “அடியே, இந்தப் பொண்ணுக்கு நல்ல பெரிய சோளமாப் பாத்துக் குடு,” என்றார்.