தங்கச்சியின் கட்டில்

நான் பொம்மிடியில் கணக்கு வாத்தியார். ஆனால் யாராவது கேட்டால், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசிப்பவன் என்றுதான் முதலில் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைக்காக நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பெங்களூரிலிருந்து, கிட்டாரின் சத்தத்தைக் கூட்டித் தரும் பழைய வால்வு ஆம்ப் ஒன்று வாங்கி வந்திருந்தேன். உள்ளே இருந்த சாமான்கள் எல்லாம் நன்றாக இருந்தன. பெட்டிதான் மரத்தூள் அட்டை. ஈரத்தில் உப்பி, மூலைகள் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, மேலே கறுப்பு ரெக்சின் ஒட்டி வேலையை முடித்திருப்பார்கள். நான் போனில் யாரோ வெளிநாட்டுக்காரன் கெட்டி மரத்தில் இழைத்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு பிளைவுட் கண்ணுக்கே பிடிக்கவில்லை.

எங்கள் ஊர்த் தச்சு ஆசாரியை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி மரக்கடைக்குப் போனேன். வேம்பு, மா, வேங்கை, தேக்கு என்று ஒவ்வொரு பலகையையும் விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டேன். தர்பூசணி வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோலக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மாவில் வண்டு விழும் என்றார் ஆசாரி. வேங்கையைத் தூக்கிப் பார்த்தபோதே தோள் வலித்தது. தேக்கு எனக்குப் பிடித்தது. ஆசாரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது இன்னும் ஈரம் சார். பெட்டியா அடிச்சா ஆறு மாசத்துல மூலையெல்லாம் வாய் பொளந்துக்கும். வூட்ல நல்லா காஞ்ச பழைய மரம் எதுனா இருந்தா கொண்டாங்க.”

அந்த நொடியில் எனக்குக் கட்டில் நினைவுக்கு வந்தது.

அது என் தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். மூன்று வருடத்தில் கல்யாணம் முறிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கட்டிலும் கூடவே வந்தது. எங்கள் பக்கம் அப்படி வந்த கட்டிலில் யாரும் படுக்கமாட்டார்கள், விலைக்கும் கேட்கமாட்டார்கள். கழற்றி, தார்ப்பாயில் சுற்றிப் பரண்மேல் போட்டிருந்தோம். அதை நிமிர்ந்து பார்ப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. மரக்கடையிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தலைமாட்டுப் பலகையைத் தட்டினேன். கணீரென்றது.

அம்மா கீழே நின்று, “அவள ஒரு வார்த்த கேட்டுக்கடா” என்றார்.

“கேட்டுட்டேம்மா” என்றேன்.

கேட்கவில்லை. பழையதைக் கிளறினால் அவள் மனசு நோகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

தலைமாடும் கால்மாடும் பெட்டியாயின. முன்பக்கம் ஸ்பீக்கருக்கு வட்டமாக அறுத்தார் ஆசாரி. மேற்பலகையின் ஓரத்தில் கொசுவத்தி சுட்ட கறுப்புத் தழும்பு ஒன்று இருந்தது. இழைத்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், பழமையாகத் தெரியும் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தருமபுரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்த தங்கச்சி, முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினாள். வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாளாம். முகம் அப்படித் தெளிந்திருந்தது. நான் அவளைக் காபிகூடக் குடிக்கவிடாமல் உள்ளே இழுத்துப்போய் ஆம்பைக் காட்டினேன். வாசித்தும் காட்டினேன். நல்லா இருக்குதுண்ணா என்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, “சரி, கட்டில எறக்கிக் குடுங்கண்ணா, வண்டி நிக்குது” என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கிட்டாரின் கம்பிகளைப் பார்த்தேன்.

தங்கச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் பெட்டியின் மேல் போய் நின்றது. குனிந்து, அந்தக் கறுப்புத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினாள்.

“அதுல யாரும் படுக்கமாட்டாங்கன்னு...” என்று ஆரம்பித்தேன்.

“அது தானா திரும்பி வரலண்ணா. நான் கேட்டு வாங்கியாந்தது” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ஆமாம், கேட்டுத்தான் வாங்கினாள். நான் அங்கே இருந்தேன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை முறித்துவிட்ட அன்றைக்கு, உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டபோது, கட்டில் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு மானம் போனது. விட்டுத் தொலை, அசிங்கமாக இருக்கிறது என்று அவள் காதில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. டிரைவர் ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகப் பிடித்து அவர்களே வண்டியில் ஏற்றினார்கள். நான் வராத போனில் பேசிக்கொண்டு தெருமுனையில் நின்றேன்.

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவதில் நான் கெட்டிக்காரன். அவள் திட்டவில்லை. புதுக் கட்டில் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். “பாய் இருக்குதுண்ணா” என்றாள். அம்மா எடுத்து வைத்த அரிசியையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. பின்பக்கம் கட்டில் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதும் மண்டபங்களில் வாசிக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில் சீர்ச் சாமான்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பாலித்தீன்கூடப் பிரிக்காத கட்டில் ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். தழும்பு தெரியாதபடி பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் கிட்டாரை எடுப்பேன். சத்தம் அருமையாக இருக்கும். யாராவது வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து, என்ன மரம் சார் என்று கேட்பார்கள்.

தேக்கு என்பேன். என் தங்கச்சியின் கட்டில் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.