பாட்டை எழுதினது ஆர்?

லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் கலியாண மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கேட்டதும் புவனேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. ‘பண்ணைப் பாலத்து வெயிலே’ என்று ஆறுதலாகப் பாடவேண்டிய வரியை, மெஷின் ஒன்று டும் டும் என்று அடிக்க, ஒருத்தன் துள்ளித் துள்ளிக் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் திரையில் ‘எழுதிப் பாடியவர் நித்தியானந்தன்’ என்று ஓடியது. “சீ!” என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்.

புவனேந்திரன் நோர்பரியில் கடைகளுக்குக் குளிர்பெட்டி திருத்துகிறவர். சுவிசில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். அதற்கெல்லாம் முன்னால், இளந்தாரியாக, யாழ்ப்பாணத்தில் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் நின்றவர். அந்த நாலு வருஷத்தை வைத்துக்கொண்டு பாட்டு விஷயத்தில் தன்னை ஒரு நீதவானாகவே நினைத்திருந்தார். அந்தப் பாட்டை முதன்முதலில் பாடிய நித்தியானந்தனுக்கு நல்ல குரல், அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நாலு வரிக் கடிதம் எழுதவே ஆள் தேடுகிற மனுசன் பாட்டு எழுதினாராம்! யாரோ எழுதினதை அமுக்கிவிட்டார் என்பதில் புவனேந்திரனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆளைக் கண்டுபிடித்துப் பேரை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

இரண்டு மாதம் குளிர்பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தபடியே போன் அடித்தார். பார்க்கிங் பாட்டுக்காரன், தனக்கு முன் அதைப் பாடிய டொரண்டோக்காரரைக் கைகாட்டினான். டொரண்டோக்காரர் பரிஸ் நகரத்தில் ஒரு பிள்ளை பாடியதைப் பார்த்துப் பாடியவர்கள். அந்தப் பிள்ளை அழுதழுது பாடியிருந்தது. யாரோ இன்ரநெற்றில் ஏற்றிய பழைய பதிவுதான் அதற்கு ஆதாரம். ஏற்றியவரோ, நித்தியானந்தனிடம் இரவல் வாங்கிய கசெற்றின் அட்டையைப் பார்த்துப் பேரை எழுதினாராம். ஒருவராவது வாய் திறந்து விசாரிக்கவில்லை. ஒருவர் எச்சில் இலையில் அடுத்தவர் குந்திச் சாப்பிட்டிருந்தார். புவனேந்திரன் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் ‘நித்தியானந்தன் கள்ளன்’ என்று எழுதிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை, லண்டனிலேயே கோலியர்ஸ் வுட்டில் இருந்த நித்தியானந்தனின் வீட்டுக்கே போனார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

“அண்ணை, வெக்கமில்லையோ? ஆர் எழுதின பாட்டு அது?”

“பவளக்கொடி எண்டொரு பொம்பிளை எழுதினது. நான் எழுதினனான் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. அட்டையில அப்பிடிக் கிடக்கு.”

“பிழையெண்டு ஏன் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டவை? நீரும் கேக்காமல்தானே கள்ளன் எண்டு எழுதினீர்.”

“அட்டையைக் காட்டுங்கோ பாப்பம்.”

கிழவர் அலுமாரியிலிருந்து எடுத்து வந்தார். நீல மை. ‘எழுதிப் பாடியவர் நித்தியானந்தன்.’ பேருக்குக் கீழே இரட்டைக் கோடு. இன்றைக்கும் வேலைச் சிட்டையில் கடைக்காரர் பேருக்குக் கீழே புவனேந்திரன் இழுக்கிற அதே கோடு. எழுத்தும் அவருடையதுதான்.

“அவவும் என்னோட கடைக்கு வந்தவ,” என்றார் நித்தியானந்தன். “தன்ரை பேரையும் போடச் சொல்லி ரெண்டுதரம் கேட்டவ. அட்டையில இடம் காணாது, எழுதினதுக்கும் பாடினதுக்கும் ஒரு பேர் போதும் எண்டு நீர்தான் சொன்னனீர்.”

புவனேந்திரனுக்கு அப்படி ஒரு பெண் வந்ததே ஞாபகமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. துள்ளினவனும் அழுதவளும் செய்யாத கேவலத்தை, பேனையைக் காதில் செருகிக்கொண்டு, தான் அல்லவா செய்திருக்கிறார். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பவளக்கொடியின் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கே இருந்தபடியே போன் எடுத்தார்.

எந்தக் கடை, எந்த ஆள் என்று தன்னைச் சொன்னார். அட்டையை எழுதியது தான்தான் என்பதையும் சொன்னார். “அக்கா, இனி எல்லா இடத்திலயும் உங்கடை பேரைப் போடுவிக்கிறன்.”



“இப்ப இடம் காணுமோ, தம்பி?” என்று கேட்டார் பவளக்கொடி.