ஏறக்குறையப் பிறந்தவர்

எங்கள் சிற்றூரின் பழைய நகர மண்டபத்தில் ஓர் அறையை அருங்காட்சியகம் என்று வைத்திருக்கிறார்கள். அதைத் துடைப்பவள் நான். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முக்கால்வாசி அந்தச் சுவர்ப் பலகைகளில் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். எல்லாம் ஒரே ஆளைப் பற்றியவை. இந்த ஊரில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி, அமெரிக்காவில் ஒப்பந்த வேலைக்காரனாக இருந்து, பிறகு கடை போட்டு, பிள்ளைகளுக்குப் படிப்பித்து, அந்த நாடு விடுதலை அறிவித்த கையோடு ஒரு மாநிலத்துக்கு முதல் ஆளுநரானவர். ஒரு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. பகைவர்கள் கொன்றார்கள் என்கிறார்கள். கல்லறை எங்கே என்று தெரியாது. பிறந்த வருடத்துக்கு முன்னால் 'ஏறக்குறைய' என்று எழுதியிருக்கிறது.

நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர் எனக்குச் சொந்தமில்லை. ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். பேக்கரியில் மா பிசைந்தே தலை நரைத்தவர். சாகுமுன் ஒருமுறை வோட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. எங்கள் நாட்டில் வோட்டுப் போடும் வயது வந்தபோது சண்டை வந்தது. இங்கே குடியுரிமை இல்லாமல் ஏலாது.

விமானம் ஏறுமுன் ஏஜென்ட் எல்லோருக்கும் பொய்யாக ஒரு பிறந்த தேதி சொல்லித் தந்திருந்தான், வயது குறைந்தால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று. பயத்தில் நான் அதை மறந்துபோய் உண்மையையே சொல்லிவிட்டேன். அண்ணை கெட்டிக்காரர், மறக்கவில்லை; அந்தத் தேதியே இங்கே பதிவானது.

குடியுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டபோது, ஊரிலிருந்து எடுப்பித்த பிறப்புச் சான்றிதழ் வேறு தேதி காட்டியது. "பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை, மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை, அண்ணை" என்று சொல்லி, நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

பதில் வந்த அன்று கடிதத்தோடு நேரே அருங்காட்சியகத்துக்கு வந்தார். வாளியை வைத்துவிட்டு வாசித்தேன். அடையாளம் உறுதியாகவில்லை, இரண்டு தேதிக்காரரும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் இல்லை, நிராகரிக்கப்பட்டது.

"அந்தப் பழமொழியைச் சொன்னவன் இந்தப் பக்கம் வரேல்லைப் போல" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "இவருக்கு ஏறக்குறைய எண்டு எழுதலாம். எனக்கு ஏலாது என்ன?"

"அண்ணை, திரும்பவும் போடுவம்."

"ஆதாரத்துக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது, தங்கச்சி? என்ரை பிறப்பைக் கண்டவை எல்லாரும் போய்ச் சேர்ந்திட்டினம்."

நகரசபைத் தேர்தலுக்கு வோட்டுப் போடும் இடம் அந்த மண்டபம்தான். எனக்குக் குடியுரிமை கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணை என்னோடு கூடவே வந்து மழையில் வாசலில் என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தடுப்புக்குப் பின்னால் போய்க் கோடு போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"ஆருக்குப் போட்டனீர்?"

"சொல்லக்கூடாது, அண்ணை."

"எனக்குச் சொல்லலாம். நான் ஒரு ஆள் எண்டு இன்னும் உறுதியாகேல்லையே."

சொன்னேன். மழை விட்டபிறகும் குடையை விரித்தபடியே நடந்தார்.