மூலை காட்டிய எல்வின்

எல்வின் பிராட் வாரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். சனிக்கிழமை வந்தால் ஆளே வேறு. வெர்மான்டில் எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஆட்டம் சொல்லுகிறவர் அவர்தான். பிடில்காரர் பக்கத்தில் மைக்கோடு நின்று, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தாளம் தப்பாமல் சொல்லுவார். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கிற ஜனம் அதைக் கேட்டு ஆடும்.

மற்றவர்கள் சொல்லத் தயங்குகிற மூலைச் சுற்று என்றால் அவருக்கு உயிர். ஜோடிக்கு வலது கை, குறுக்கே மூலையில் நிற்பவருக்கு இடது கை, திரும்ப ஜோடி, பிறகு மறு மூலை. கேட்கச் சுலபம், ஆடினால் முழி பிதுங்கும்.

"கையை நீட்டி உங்க மூலை யாருன்னு காட்டுங்க! ஐயோ ஹிராம், அது உன் பொண்டாட்டிய்யா. அவளைத்தான் தினமும் பாக்குறியே, குறுக்கால பாரு!"

கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே ஆட்டம் பிடிபட்டுவிடும். அப்புறம் எல்வின் வாயை மூடிக்கொள்வார். தான் சொல்லாமலே ஆட்டம் ஓடுவதைப் பார்ப்பதில் அத்தனை பெருமை.

அவர் மனைவி வெர்னா ஊரில் எல்லோரோடும் ஆடினாள், அவரோடு மட்டும்தான் ஆடவில்லை. மைக்கை விட்டு எப்படி இறங்குவது? சரி, முடிவில் வரும் வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனத்துக்கு யாரும் எதையும் சொல்லவேண்டாமே! அப்போதும் பாவி மனுஷன், மூலைச் சுற்றில் தடுமாறியவர்களை ஓரமாக நிறுத்திப் பாடம் நடத்துவார்.

"அடுத்த வாரம் ஆடலாம் வெர்னா. ஆரின் தனியா நிக்கிறார் பாரு, அவர்கூட ஆடேன்."

ஆரின் மனைவியை இழந்தவர். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று.

அந்த மார்ச்சில் வெர்னாவின் இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், ஆட்டம் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஒரே ஒரு வால்ட்ஸ் மட்டும் மெதுவாக ஆடுவதாக அவள் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். அதை அவளோடு ஆடிவிடவேண்டும் என்று எல்வின் முடிவுகட்டினார். மனசுக்குள்தான், சொந்தப் பெண்டாட்டியிடம் என்ன கேட்பது என்று வாயே திறக்கவில்லை.

இடைவேளையில் ஆப்பிள் பை தின்றுகொண்டே வால்ட்ஸுக்கு ஆள் பேசிவைப்பது எங்கள் வழக்கம். ஒப்புக்கொண்டால் மாற்றக்கூடாது. புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவரே எல்வின்தான்.

வால்ட்ஸ் தொடங்கியது. அவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தார். "வா வெர்னா, ஆடலாம்."

ஆரினின் கையைப் பிடித்து நின்றிருந்த வெர்னாவின் முகம் வாடிவிட்டது. "இப்ப வந்து கேக்குறியே எல்வின்! இடைவேளை முழுக்க உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ ஹிராமுக்கு மூலை காட்டிக்கிட்டிருந்த. இவர் கேட்டார், சரின்னுட்டேன்."

"அட, நீங்க ரெண்டு பேரும் ஆடுங்கப்பா. நான் ஒதுங்கிக்கிறேன்" என்று பதறினார் ஆரின்.

வெர்னா எல்வினைப் பார்த்தாள்.

"இல்ல ஆரின், ஒப்புக்கிட்டா ஒப்புக்கிட்டதுதான். நான்தானே ஊருக்கெல்லாம் சொல்றேன்" என்று பின்வாங்கினார் எல்வின்.

அவர் சுவரோரமாக நின்று பார்த்தார். எலும்பு வலித்திருக்கும், ஆனாலும் அழகாகத்தான் சுழன்றாள். இவ்வளவு லேசாக ஆடுவாளா என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இப்போதாவது குறுக்கே போய் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிடில் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் வெர்னா வண்டிக்குள் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

"அவரே விலகுறேன்னாரே" என்றாள் கடைசியில். "ஒரே ஒரு தடவை நீ தப்பு பண்ணியிருக்கக்கூடாதா, எல்வின்?"