நடுமூட்டையின் சூடு

அத்தையின் போன் சிவந்தால் மாமாவின் முதுகு வலிக்கும். கொஞ்ச நாளாக அவர்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

மக்காச்சோளக் கிடங்கில் அத்தை மேற்பார்வையாளர்; மூட்டை தூக்குபவர்களுக்கு மாமா மேஸ்திரி. போன வருடம் மூட்டை அடுக்குகளுக்குள் நீளமான கம்பிகளைச் செருகிவிட்டுப் போனார்கள். உள்ளே இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் அவை அளந்து அத்தையின் போனுக்கு அனுப்பும். பூஞ்சை பிடிக்கும் அபாயம் தெரிந்தால் திரை சிவக்கும். உடனே அடுக்கைப் பிரித்துத் தானியத்தைக் காற்றாடப் பரப்ப வேண்டும். ஆள் குறைந்தால் மாமாவும் தூக்குவார்.

இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை வீணாகப் பிரித்திருந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பித் தலையில் ஆட்கள் வியர்வைத் துண்டைக் காயப்போட்டதில் வந்த வினை அது.

நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த சமயம். சாப்பாடு கொண்டுபோனபோது மறுபடியும் சிவந்தது.

"இன்னைக்கு யாரு துண்டு?" என்றார் மாமா, வாயில் சோற்றோடு.

"துண்டு இல்லைங்க, பார்த்துட்டேன். அடியில, நடுவுல காட்டுது."

"பொய் அலாரம்னு ஒரு பட்டன் இருக்கே, அது என்ன அழகுக்கா?"

ஆட்கள் சிரித்தார்கள். நெட்டையன் என்று அவர்கள் கூப்பிடும் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, இப்பவும் ஒண்ணும் இல்லைன்னா அடுத்த தடவை எங்களைக் கூப்பிடாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். "இத்தனை ஊரு போனியே, இந்த மிஷின் வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஊரு ஒண்ணு இருந்தா சொல்லேன்."

பிறகு மாமாவின் இடுப்பைப் பார்த்தாள். சட்டைக்கு மேலே வலிக்கான பெல்ட். பட்டனுக்கு மேலேயே விரல் நின்றது.

"பிரிங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அன்றைக்கு ஆள் குறைவு. மாமா கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அடி வரிசையின் நடுமூட்டைக்கு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மாமாதான் தையலைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டார். எடுத்தார். "ம், கொட்டுங்கடா" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அத்தை வந்து சேர்வதற்குள் தானியம் தரையில் பரவிக் கிடந்தது. மஞ்சளாக, சுத்தமாக.

"எங்கக்கா பூசணம்?" என்றான் நெட்டையன்.

"அது வர்றதுக்கு முன்னாடி சொல்லத்தானேப்பா இந்த மிஷினு."

"அப்போ வராததுக்கா இவ்வளவு நேரம் செத்தோம்?"

அத்தை துடைப்பத்தை எடுத்துச் சிதறியதைக் கூட்ட ஆரம்பித்தாள்.

வீட்டில் மாமா குப்புறப் படுத்திருந்தார். அத்தை தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடாத்தான் இருந்துச்சு" என்றார் தலையணைக்குள்ளிருந்து.

"எது?"

"நடுமூட்டை. உள்ள கை வச்சா கதகதன்னு இருந்துச்சு."

அத்தையின் கை நின்றது. "அங்கேயே சொல்றதுக்கு என்னங்க?"

"வலி. உன் மேல கடுப்பு. சொன்னா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல."

அத்தை அவருடைய போனை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். மாமா பெருமூச்சு விட்டார். நம்பரை அமுக்கினார்.

"டேய் நெட்டையா, அந்த மூட்டை சூடாத்தான்டா இருந்துச்சு. ஆமா, அப்பவே தெரியும். ஆமாண்டா. திட்டு, நல்லா திட்டு." போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. "வச்சுட்டான்."

"அடுத்த தடவை கூப்பிட்டா வருவானா?"

"வருவான். திட்டிக்கிட்டே வருவான். நீ இடது பக்கம் தேய்."