களஞ்சியத்தில் பாடியது சுவர் அல்ல

என் மாமா பொய் சொல்கிறார். யூடியூபில் வந்த அவருடைய பேட்டியை நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி அவர். ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழு நடத்துபவர். ஐரோப்பியத் தேவாலயங்களில் முந்நூறு வருடத்துக்கு முன் பாடிய பரோக் இசையில் பெரிய பெயர். இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்தில் ஒரு மாலை, எல்லோரும் வெளியே வந்த பிறகு, ஆளில்லாத கூடம் தானாகப் பாடியதாம். வாழ்நாள் முழுக்க இந்த இசைதான் என்று அந்த எதிரொலியைக் கேட்டுத்தான் முடிவு செய்தாராம். பேட்டி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

பாடியது கூடம் இல்லை. நான். எனக்கு ஒன்பது வயது.

அப்போது மாமா எங்கள் ஊர் சர்ச்சில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கனை வாசித்தார். என்னையும் சேர்த்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தார். தாளம் காட்டும் குச்சியாலேயே விரல் முட்டியில் அடிப்பார். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நெல் ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடும் வேலை. வீட்டில் படித்தவர் மாமா ஒருவர்தான் என்பதால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவரை வெளிநாட்டு இசைப் பள்ளிக்குச் சிபாரிசு செய்வதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் பாட்டுக் கேட்க வந்தார். எங்கள் சர்ச்சின் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே பாடினால் பாட்டு செத்துப்போகும் என்று மாமா எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். களஞ்சியத்தின் வளைந்த கூரை குரலைச் சுற்றிச் சுற்றித் திருப்பித் தரும். குழு ஒரு வரி பாடும். அதன் கடைசிச் சொல்லை மட்டும் எங்கிருந்தோ ஒரு குரல் திருப்பிப் பாட வேண்டும். மாமா அந்த ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழில் வரிகள் எழுதியிருந்தார். "எங்களிடம் வாரும்" என்று அவர்கள் பாடினால் "வாரும்" என்பது என் பங்கு.

பக்கத்தில் ஓர் உள்ளறை. நுழையக் கூடாது என்று பலகை தொங்கியது. பெரியவர் வருவதற்கு முன்பே மாமா என்னை அதற்குள் தள்ளிவிட்டார்.

"நான் ரெண்டு தட்டு தட்டுற வரைக்கும் வெளிய வராத. வந்தா முட்டிய பேத்துடுவேன்."

உள்ளே வௌவால் எச்சத்தின் நாற்றம். கை நீட்டினால் கை தெரியவில்லை. தலைக்கு மேலே ஏதோ நகர்ந்துகொண்டே இருந்தது. தாளத்தோடு முப்பத்திரண்டு எண்ணிவிட்டுப் பாட வேண்டும், மறுபடி எண்ண வேண்டும். இரண்டு முறை சரியாகப் பாடினேன். மூன்றாவது முறை எண்ணும்போது வெளியே பாட்டு நின்றது. நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று வாட்ச்மேன் கத்துவது கேட்டது. பிறகு நிறைய காலடிகள். கம்பிக் கதவு சாத்தும் சத்தம்.

தட்டல் வரவில்லை. நான் தப்பாக எண்ணியதால்தான் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்தேன். சரி செய்வதற்காக இன்னும் உரக்கப் பாடினேன். வாரும். வாரும். வாரும். யாரும் வரவில்லை. பாவாடை நனைந்துவிட்டது. அதற்கும் அடி விழுமே என்று பயந்தேன். வௌவாலைவிட, இருட்டைவிட அந்தக் குச்சிக்குத்தான் எனக்குப் பயம். ஓடி வந்து கதவை உலுக்கியிருக்கலாம். எண்ணிக்கொண்டே நின்றேன்.

மற்ற பிள்ளைகள் வீடு வந்தும் நான் வராததால் நைனா வண்டியை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். வாட்ச்மேன் திறந்து டார்ச் அடித்தார். நைனா என்னைத் தூக்கப் பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா இன்னும் தட்டல நைனா."

பெரியவரைத் திண்டிவனம் வரை வழியனுப்பிவிட்டு மாமா சாவகாசமாக வந்தார். "வரிசைலதான் வந்துச்சுக்கா. கொரங்கு பாக்க ஓடியிருக்கும்" என்றார். பொய் சொன்னதற்காக அம்மா என்னை அடித்தாள். அதன் பிறகு நான் பாடவில்லை. இருபது வருடங்களாக, பாவம், டென்ஷனில் மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது பேட்டியில் அவரே சொல்கிறார். வாசலில் வாட்ச்மேன், "இன்னா சார் சத்தம், உள்ள யார்னா கீறாங்களா?" என்று கேட்டாராம். இவர் சிரித்துக்கொண்டே, யாருமில்லை, எதிரொலி என்றாராம். பெரியவரும் பக்கத்தில்தான் நின்றாராம்.

தடை போட்ட அறையில் ஒரு பிள்ளையை நிறுத்தியது தெரிந்தால் அந்தப் பெரியவர் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்? என் குரல் வெளியே கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. நன்றாகவே கேட்டிருக்கிறது.

மாமா, டிசம்பரில் சென்னைக்குக் கச்சேரிக்கு வருகிறீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு போன் செய்ய வேண்டாம், வீட்டுக்கு வந்து சமாதானம் பேச வேண்டாம். மேடையில், மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: உள்ளே யார் இருந்தது?